ஸ்டான்ஃபோர்டின் 74 சதவீதம்: ஒரு மானியக் கணக்கு சறுக்கிய கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி மானியங்களின் கணக்கைப் பார்க்கும் மானிய அலுவலக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் ஸ்டான்ஃபோர்டின் படகுக் கதையைச் சொல்லிவிடுவார். 72 அடி நீளம், விக்டோரியா என்று பெயர், அதன் தேய்மானம் அரசின் ஆராய்ச்சிக் கணக்கில் ஏறியிருந்தது. கேட்பவர் சிரிப்பார், சொல்பவரும் சிரிப்பார், அத்தோடு கதை முடிந்துவிடும். எனக்கு அந்தப் படகு இந்த விவகாரத்தின் மிகச் சின்னப் பகுதியாகவே படுகிறது. அதற்குப் பின்னால் கோப்புகளில் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்பாணைகள்தான் இன்று நாம் ஓர் ஆராய்ச்சி முன்மொழிவின் பட்ஜெட்டில் தட்டச்சு செய்யும் பல எண்களைத் தீர்மானித்தன. அந்தப் பக்கம் இருந்து இந்தக் கதையைப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. கூட்டாட்சி அரசின் ஒரு துறையிடம், தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் அல்லது தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் என்று வையுங்கள், ஒரு பேராசிரியர் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கிறார். விண்ணப்பத்தில் இரண்டு வகைச் செலவு இருக்கும். ஆராய்ச்சிக்கென்றே நேராகச் செலவாவது நேரடிச் செலவு: ஆய்வு மாணவர் சம்பளம், ரசாயனங்கள், ஒரு கருவி, மாநாட்டுக்குப் போய்வரும் விமானக் கட்டணம். அடுத்தது மறைமுகச் செலவு. கட்டடம், மின்சாரம், நூலகம், சம்பளப் பிரிவு, பாதுகாப்பு, எங்களைப் போன்ற மானிய அலுவலகம் எல்லாம் இதில் அடங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்கும் வாட்ச்மேனுக்கும் எல்லா வீட்டாரும் பிரித்துக் கொடுக்கும் மெயின்டனன்ஸ் மாதிரிதான். எந்தத் திட்டம் எத்தனை யூனிட் மின்சாரம் எரித்தது என்று தனித்தனியாக மீட்டர் வைக்க முடியாது. அதனால் பல்கலைக்கழகமும் அரசும் உட்கார்ந்து பேசி ஒரு விகிதத்தை முடிவு செய்கின்றன. அந்த விகிதம் ஒரு ஒப்பந்தத் தாளில் கையெழுத்தாகும். அதன் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்து போகும் ஒவ்வொரு ஆராய்ச்சி முன்மொழிவிலும் அதே எண்தான்.

அந்த எண் எதன் மேல் போடப்படுகிறது என்பதில்தான் வெளியாட்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். 74 சதவீதம் என்றவுடன் 100 ரூபாயில் 74 ரூபாயைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது நேரடிச் செலவின் ஒரு பகுதி மேல் கூட்டப்படுவது. ஓர் ஆண்டுக் கணக்கைப் போட்டே பார்ப்போம். சம்பளமும் சலுகைகளும் 1,50,000 டாலர், ஆய்வகப் பொருட்கள் 30,000, பயணம் 5,000, ஒரு கருவி 40,000, மாணவர் கல்விக் கட்டணம் 25,000, இன்னொரு பல்கலைக்கழகத்துக்குத் தரும் துணை மானியம் 80,000. மொத்தம் 3,30,000. இதில் கருவியும் கல்விக் கட்டணமும் கணக்கில் வராது. துணை மானியத்தில் இன்றைய விதிப்படி முதல் 50,000 மட்டும் வரும். ஆக விகிதம் போடப்படும் அடித்தொகை 2,35,000. அதில் 74 சதவீதம் என்றால் 1,73,900. மொத்த மானியமான 5,03,900-இல் அது 34.5 சதவீதம்தான். அதே பட்ஜெட்டை 55.5 சதவீதத்தில் போட்டால் மறைமுகச் செலவு 1,30,425. ஒரே ஒரு திட்டத்தில், ஒரே ஓர் ஆண்டில், 43,475 டாலர் வித்தியாசம். 74, 55.5 என்ற இந்த இரண்டு எண்களையும் நான் சும்மா எடுக்கவில்லை. 1990 வாக்கில் ஸ்டான்ஃபோர்டின் விகிதம் 74 சதவீத அளவில் இருந்தது. 1991 ஏப்ரலில் அரசு அதை 55.5 ஆக வெட்டியது.

இந்த ஏற்பாடே இரண்டாம் உலகப் போரின் குழந்தை. போர்க்காலத்தில் அரசு ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தது. லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம் என்பது அப்போதைய பேச்சு. 1946-இல் தொடங்கிய கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் அந்த வழக்கத்தைப் போருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1958-இல் ஏ-21 என்ற சுற்றறிக்கை வந்தது: பல்கலைக்கழகம் எந்தச் செலவை அரசிடம் கேட்கலாம், அதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற விதித் தொகுப்பு. மருத்துவ ஆராய்ச்சி மானியங்களுக்கு ஆரம்பத்தில் ஒரு நிலையான உச்சவரம்பு இருந்தது. 1960களின் நடுவில் அது போய், அவரவர் உண்மைச் செலவுக்கு ஏற்ப விகிதம் பேசிக்கொள்ளலாம் என்றானது. பேச்சுவார்த்தைக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பொறுப்புத் துறையை ஒதுக்கினார்கள். பெரும்பாலானவற்றுக்குச் சுகாதாரத் துறை. ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி போன்ற சிலவற்றுக்குக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம்.

இனி ஸ்டான்ஃபோர்டுக்கு வருவோம். 1980களில் அங்கே விகிதம் ஏறிக்கொண்டே போனது. புதிய ஆய்வகக் கட்டடங்கள் எழும்பின; கட்டடம் எழும்பினால் தேய்மானம் ஏறும், வட்டி ஏறும், பராமரிப்பு ஏறும், எல்லாம் விகிதத்துக்குள் போகும். 1989 அக்டோபரில் வந்த லோமா பிரியெட்டா நிலநடுக்கம் வளாகத்துக்குப் பெரும் சேதம் உண்டாக்கியது. ஆனால் விகிதம் ஏறியதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் அரசுத் தணிக்கையாளர்கள் இல்லை, அங்கிருந்த பேராசிரியர்களே. அவர்கள் பார்வையில் நியாயம் இருந்தது. மானியம் தரும் துறையின் மொத்தப் பணம் ஏறாமல் விகிதம் மட்டும் ஏறினால் ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது குறையும். மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர் மொத்தத் தொகையைப் பார்த்து, இந்த வேலைக்கு இவ்வளவா என்று முகம் சுளிப்பார். பக்கத்துப் பல்கலைக்கழகம் அதே வேலையை மலிவாகச் செய்துதருவதாகக் காட்டும். மானிய அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த முணுமுணுப்பு இன்றும் பழக்கமானதுதான். பட்ஜெட் தாளில் மறைமுகச் செலவுத் தொகையைப் பார்த்தவுடன் ஆய்வாளர் நம்மை நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது முப்பத்தைந்து ஆண்டுகளாக மாறவில்லை.

1988-இல் பால் பிடில் என்பவர் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் பிரதிநிதியாக ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். அரசின் சார்பாக விகிதத்தைப் பேசி முடிப்பது அவர் வேலை. கோப்புகளைத் திறந்து பார்த்தவர் ஒன்றைக் கவனித்தார். பல்கலைக்கழகமும் தனக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்களும் ஆண்டாண்டு காலமாக நூற்றுக்கும் மேற்பட்ட புரிந்துணர்வுக் குறிப்பாணைகளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏ-21 விதிப்படி ஒவ்வொரு வகைச் செலவையும் பிரிக்க ஒரு பொது முறை உண்டு. அது எங்களுக்குப் பொருந்தாது, தனியாக ஆய்வு செய்து வேறு முறையில் பிரிக்கிறோம் என்று பல்கலைக்கழகம் சொல்லலாம், அரசும் ஒப்புக்கொள்ளலாம். அப்படி ஒப்புக்கொண்டதற்கான தாள்களே இவை. நூலகச் செலவில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு, மின்சாரத்தில் எவ்வளவு, கருவிகளின் தேய்மானம் எப்படி என்று தாளுக்குத் தாள் ஒரு ஏற்பாடு. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் போதுமான ஆதாரமே இல்லை, பொது முறைப்படி போட்டிருந்தால் அரசு கோடிக்கணக்கில் மிச்சப்படுத்தியிருக்கும் என்பது பிடிலின் வாதம். 1980கள் முழுக்க அரசு கூடுதலாகக் கொடுத்தது 20 கோடி டாலர் வரை போகலாம் என்று அவர் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விவகாரத்தின் சதைப்பற்று இங்கேதான் இருக்கிறது. நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம், இதழ், ஊழியர், கட்டடம் என்று ஆண்டுக்கு ஒரு பெரிய தொகை. அதைப் பயன்படுத்துவது இளங்கலை மாணவர், முதுகலை மாணவர், பேராசிரியர், வெளியாள். பொது முறை தலைகளை எண்ணிப் பிரிக்கும். மாணவர் தலைகள் அதிகம் என்பதால் கற்பித்தல் பக்கம் பெரும் பங்கு போகும்; ஆராய்ச்சிப் பக்கம் சிறு பங்கு வரும். இல்லை, விலை உயர்ந்த அறிவியல் இதழ்களை எடுத்துப் புரட்டுபவர்கள் ஆய்வாளர்கள்தான் என்று பல்கலைக்கழகம் ஒரு கணக்கெடுப்பு நடத்திக் காட்டினால் ஆராய்ச்சிப் பங்கு ஏறிவிடும். யார் சொல்வது சரி? இரண்டிலும் கொஞ்சம் சரி இருக்கிறது. கணக்கெடுப்பை எந்த வாரம் நடத்தினார்கள், கேள்வித்தாள் எப்படி இருந்தது, பேராசிரியரின் கீழ் வேலை பார்க்கும் மாணவர் இதழ் எடுத்தால் அது படிப்பா, ஆராய்ச்சியா என்பதில் எல்லாம் முடிவு மாறும். அறைக் கணக்கெடுப்பும் இதே கதைதான். வளாகத்தின் ஒவ்வொரு அறையையும் எடுத்து, இத்தனை சதுர அடி, இதில் இத்தனை சதவீதம் மானிய ஆராய்ச்சி, இத்தனை சதவீதம் வகுப்பு என்று துறை அலுவலர் நிரப்புவார். ஓர் ஆய்வகத்துக்கு 100 சதவீதம் ஆராய்ச்சி என்று போட்டுவிட்டு, அதே அறையில் இளங்கலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தியிருந்தால் பிற்பாடு தணிக்கையாளர் அதைப் பிடிப்பார். விகிதத்தின் பெரும்பகுதி இந்தச் சதுர அடிகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. வெளியே யாருக்கும் இதில் சுவாரசியம் இல்லை, அதுதான் சிக்கலே.

ஜான் டிங்கெல் இதைப் புரிந்துவைத்திருந்தார். மிச்சிகன் மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைத் துணைக்குழுத் தலைவர். அவர் அறையில் வந்து உட்காரும் சாட்சிகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்று பேர் வாங்கியவர். நூலகப் பங்கீட்டை வைத்துத் தொலைக்காட்சியில் யாரையும் கோபப்படுத்த முடியாது. பூவும் படகும் அப்படியல்ல. குழுவின் ஆட்களும் தணிக்கையாளர்களும், மறைமுகச் செலவுகளை வகைவாரியாகத் திரட்டி வைத்திருந்த செலவுத் தொகுப்புகளை வரி வரியாகத் தோண்டினார்கள். 1990 டிசம்பரில் படகு வெளியே வந்தது. விளையாட்டுத் துறைக்கு நன்கொடையாக வந்த விக்டோரியாவின் தேய்மானத்தில் சுமார் 1,84,000 டாலர் கணக்கில் ஏறியிருந்தது. தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிப் பல்கலைக்கழகம் அந்தத் தொகையை அரசுக் கணக்கிலிருந்து நீக்கியது. அடுத்து வந்தவை தலைவர் குடியிருந்த ஹூவர் இல்லத்தின் கணக்குகள்: மாதம் 2,000 டாலருக்குப் பூக்கள், தேவதாரு பலகை பதித்த அலமாரி அறை சுமார் 3,000, 1,200 டாலருக்கு ஒரு பழைய இத்தாலிய மர அலமாரி. தலைவர் டொனால்ட் கென்னடியின் திருமண வரவேற்புச் செலவும் அதில் இருந்தது.

1991 மார்ச் 13 அன்று விசாரணை. கென்னடி உயிரியல் விஞ்ஞானி, முன்பு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் ஆணையராக இருந்தவர், வாஷிங்டன் அவருக்குப் புதிதில்லை. அவர் தரப்பு இதுதான்: அந்த இல்லம் பல்கலைக்கழகத்தின் விருந்தோம்பலுக்கான இடம், அதன் செலவு பொது நிர்வாகத் தொகுப்பில் சேரும், விதி அதை அனுமதிக்கிறது, அந்தத் தொகுப்பில் அரசின் தலையில் விழுவது ஒரு பகுதி மட்டுமே. கணக்கியல்படி அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. ஏ-21 அப்போது அவ்வளவு தளர்வாகத்தான் இருந்தது. ஆனால் 1,200 டாலர் அலமாரியில் அரசின் பங்கு இத்தனை சதவீதம்தான் என்று விளக்க ஆரம்பிக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது. சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும் இவற்றை அரசிடம் கேட்டிருக்கக் கூடாது என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டு இல்லத்தின் செலவுகளை அரசுக் கணக்கிலிருந்து நீக்கியது. எம்ஐடி, கால்டெக், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி உள்ளிட்டவையும் தங்கள் தொகுப்புகளை அவசரமாகத் திறந்து பார்த்து, சங்கடமான பதிவுகளைத் தாங்களாகவே எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன.

அதன் பின் எல்லாம் வேகம். கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் குறிப்பாணைகளை ரத்து செய்தது. விகிதம் 55.5-க்கு இறங்கியது. பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் துண்டு விழுந்தது; ஆட்குறைப்பு வந்தது. 1991 ஜூலையில் கென்னடி பதவி விலகுவதாக அறிவித்து 1992-இல் வெளியேறினார், கெர்ஹார்ட் காஸ்பர் வந்தார்.

கவனியுங்கள்: 74-இல் இருந்து 55.5-க்கு இறக்கியது படகும் பூவும் இல்லை. அவை எல்லாவற்றையும் கூட்டினாலும் விகிதத்தில் ஒரு புள்ளிகூட அசைந்திருக்காது. இறக்கியது அந்தக் குறிப்பாணைகளின் ரத்து.

முடிவு இன்னும் விசித்திரம். 1994 அக்டோபரில் அரசுக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் இடையிலான தகராறு சமரசமானது. 1981 முதல் 1992 வரையிலான ஆண்டுகளுக்குச் சேர்த்து ஸ்டான்ஃபோர்டு கட்டியது 12 லட்சம் டாலர். மோசடி, தவறான தகவல் என்று எந்தக் குற்றச்சாட்டும் தன்னிடம் இல்லை என்று அரசுத் தரப்பு தெரிவித்தது. 20 கோடி என்று பேசப்பட்டது 12 லட்சத்தில் முடிந்தது எப்படி? ஸ்டான்ஃபோர்டின் ஆதரவாளர்கள் இதையே நிரபராதிச் சான்றிதழாகக் காட்டுவார்கள். எதிர்த்தரப்பு, அரசு பயந்து பின்வாங்கியது என்று சொல்லும். என் வாசிப்பு வேறு. அந்தத் தாள்களில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. அரசின் அதிகாரி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட முறையில் பில் போட்டவரைப் பத்து ஆண்டு கழித்து ஏமாற்றுக்காரர் என்று சொல்வது எந்தத் தீர்ப்பாயத்திலும் கடினம். அந்தப் பத்தாண்டுகளின் கணக்கை உரிய நேரத்தில் தணிக்கை செய்து முடிக்காமல் கிடப்பில் போட்டதும் அரசுதான். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் நூலகக் கணக்கெடுப்பை மேசையில் விரித்து, இது எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் பேரம் அன்றே முடிந்திருக்கும், யாரும் பதவி இழந்திருக்க வேண்டியதில்லை. பிடில் தனியாகத் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. அது தள்ளுபடியானதை 1998-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

சரி, இதனால் மற்றவர்களுக்கு என்ன ஆனது? 1991-லேயே ஏ-21 திருத்தப்பட்டது. மதுபானம், கேளிக்கை, அதிகாரிகளின் குடியிருப்பு, முன்னாள் மாணவர் நிகழ்ச்சிகள் என்று ஒரு பட்டியலே அரசிடம் கேட்கக் கூடாதவையாக ஆனது. இன்று எங்கள் கணக்கு மென்பொருளில் விருந்துச் சாப்பாட்டுக்கு ஒரு குறியீடு, அதே விருந்தில் பரிமாறிய ஒயினுக்குத் தனிக் குறியீடு. ஒரே ஹோட்டல் பில்லை இரண்டாகப் பிரித்துப் பதிய வேண்டும். புதிதாக வரும் உதவியாளர் இது என்ன கூத்து என்று கேட்பார். மேலே சொன்ன கதைதான் பதில்.

அதைவிடப் பெரிய அடி 26 சதவீத உச்சவரம்பு. விகிதத்தில் கட்டடம் சார்ந்த பகுதி ஒன்று, நிர்வாகம் சார்ந்த பகுதி ஒன்று. நிர்வாகப் பகுதி எவ்வளவு ஆனாலும் 26 புள்ளிக்கு மேல் கேட்க முடியாது என்று முடிவானது. மருத்துவமனைகளுக்கும் தனி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் இந்த வரம்பு கிடையாது, பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான். 1991-க்குப் பின் விலங்கு ஆய்வுக் குழு, மனிதப் பங்கேற்பாளர் பாதுகாப்பு, நலன் முரண் அறிக்கை, ஏற்றுமதிக் கட்டுப்பாடு, தரவுப் பகிர்வுத் திட்டம் என்று அரசு விதித்த வேலைகள் மலையாகக் குவிந்தன. அவை அத்தனையும் நிர்வாகப் பகுதியில் வருபவை. வரம்போ அதே 26. மிச்சத்தைப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போடுகிறது. இந்த வரம்பு நியாயமானதாக எனக்குப் படவில்லை. தளர்வான விதிக்கும் தூங்கிய தணிக்கைக்கும் தண்டனையாக வந்தது, சம்பந்தமே இல்லாத சிறு மாநிலப் பல்கலைக்கழகம் வரை எல்லோர் தலையிலும் உட்கார்ந்துவிட்டது.

நூலகம், மின்சாரம் போன்றவற்றுக்கான தனி ஆய்வுகளுக்கு 1998-இல் முற்றுப்புள்ளி வைத்தார்கள். மின்சாரத்துக்குப் பதிலாக, அதுவரை அத்தகைய ஆய்வு நடத்திவந்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் 1.3 புள்ளி என்று நிலையாகக் கொடுத்தார்கள். 2014 முடிவில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த விதிகள் ஏ-21 உள்ளிட்ட எட்டுச் சுற்றறிக்கைகளை விழுங்கி ஒன்றாக்கின. 2024 அக்டோபரில் வந்த திருத்தம் சில எண்களை உயர்த்தியது. கருவி என்று சொல்ல 5,000 டாலர் விலை போதும் என்பது 10,000 ஆனது. துணை மானியத்தில் கணக்கில் வரும் முதல் 25,000 என்பது 50,000 ஆனது. ஒப்பந்த விகிதமே இல்லாத சிறு நிறுவனங்கள் கேட்கக்கூடிய 10 சதவீதம் 15 ஆனது.

விகிதம் இப்படி இறுகிப்போனதும் தணிக்கையாளர்களின் கண் மானியங்களின் அன்றாடச் செலவுப் பக்கம் திரும்பியது. இதற்கு நல்ல உதாரணம் யேல். 2008 டிசம்பரில் அந்தப் பல்கலைக்கழகம் 76 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒரு மானியத்தின் காலம் முடியும் நேரத்தில் மிச்சப் பணத்தைத் தீர்க்க, அந்தத் திட்டத்தோடு சம்பந்தமில்லாத செலவுகளை அதன் கணக்குக்கு மாற்றினார்கள் என்பது ஒன்று. கோடைகாலச் சம்பளம் வாங்கிய ஆய்வாளர்கள் 100 சதவீத நேரமும் மானிய வேலையே செய்ததாக எழுதிவிட்டு, உண்மையில் வேறு வேலைகளும் செய்தார்கள் என்பது இன்னொன்று. 1863-இல் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ராணுவ ஒப்பந்தக்காரர்களின் தில்லுமுல்லுக்காக வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம்தான் ஆயுதம். அதன்படி நட்டத்தின் மூன்று மடங்கு வரை வசூலிக்கலாம்.

யேலுக்குப் பின் செலவு மாற்றப் படிவம் என்ற ஒரு தாள் எல்லா இடத்திலும் தடித்துவிட்டது. ஒரு ஆய்வகம் 4,000 டாலருக்கு வாங்கிய வினைப்பொருட்களை அ என்ற மானியத்தில் போட்டது. இரண்டு மாதம் கழித்து இது ஆ மானியத்துக்குரியது என்று மாற்றச் சொல்கிறது. பிழை தெரியவந்த 90 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது என்ஐஎச் விதி. காரணம் எழுதும் கட்டத்தில், பிழையைத் திருத்துவதற்காக என்று மட்டும் எழுதினால் போதாது என்று என்ஐஎச் கொள்கை ஆவணமே சொல்கிறது. அந்தப் பொருள் ஆ திட்டத்தின் எந்தச் சோதனைக்குப் போனது, முதலில் ஏன் அ-வில் பதிவானது, மறுபடி நேராமல் இருக்க என்ன செய்தீர்கள், எல்லாம் வேண்டும். ஆ மானியம் இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது, அதில் சரியாக 4,100 டாலர் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆய்வகத்துக்கு ஒரு போன் போடுவேன். பெரும்பாலும் காரணம் நேர்மையானதாகவே இருக்கும். ஆனால் கோப்பைப் பிற்பாடு புரட்டுபவருக்கு நேர்மை தெரியாது, தேதிதான் தெரியும்.

முன்மொழிவு எழுதும் கட்டத்திலேயே இவை எல்லாம் தொடங்கிவிடுகின்றன. என்ஐஎச்-இன் வழக்கமான ஆராய்ச்சி மானியமான ஆர்01-இன் விண்ணப்பத்தில் அறிவியல் பகுதி 12 பக்கம், நோக்கங்கள் ஒரு பக்கம். ஆய்வாளர் கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை அந்தப் பக்கங்களைச் செதுக்கிக்கொண்டே இருக்கலாம். பட்ஜெட்டை அப்படிச் செய்ய முடியாது. பல பல்கலைக்கழகங்கள் ஐந்து வேலை நாள் முன்பே பட்ஜெட்டைக் கேட்பது அதிகாரத் திமிர் என்று பேராசிரியர்கள் நினைக்கிறார்கள். மானியம் வருவது பேராசிரியர் பெயருக்கு அல்ல, நிறுவனத்துக்கு. அனுப்பும் பொத்தானை அழுத்தும் அதிகாரி நிறுவனத்தின் பெயரால் உறுதிமொழி கொடுக்கிறார். ஆண்டுக்கு 2,50,000 டாலருக்குள் நேரடிச் செலவு என்றால் என்ஐஎச் விரிவான பட்டியல் கேட்காது, 25,000 டாலர் துண்டுகளாகச் சொன்னால் போதும். இதைப் பார்த்துவிட்டு உள்ளே விரிவான கணக்கு போடாமலே ஒரு முழு எண்ணை எழுதிவிடுவோம் என்பார்கள். அப்படி விடக் கூடாது. உள்கணக்கு இல்லாமல் போனால் ஐந்தாம் ஆண்டில் ஆய்வு மாணவர் சம்பளம் எந்த அடிப்படையில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. துணை மானியம் இருந்தால் மறைமுகச் செலவும் தப்பாகும்.

2025 பிப்ரவரி 7 அன்று, வெள்ளிக்கிழமை, என்ஐஎச் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: திங்கள் முதல் எல்லோருக்கும் மறைமுகச் செலவு 15 சதவீதம்தான், நடப்பில் இருக்கும் மானியங்களுக்கும் சேர்த்து. 2023 நிதியாண்டில் வெளி ஆராய்ச்சிக்குக் கொடுத்த 3,500 கோடி டாலரில் 900 கோடி மறைமுகச் செலவுக்குப் போனதாக அறிவிப்பு சொன்னது. ஹார்வர்ட் 69, யேல் 67.5 என்று விகிதங்களையும் எடுத்துக்காட்டியது. அந்த விகிதம் எதன் மேல் போடப்படுகிறது என்று சமூக ஊடகங்களில் யாரும் கேட்கவில்லை. 1991-இல் நடந்ததே மறுபடி. மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டன. பாஸ்டனில் கூட்டாட்சி நீதிபதி ஏஞ்சல் கெல்லி முதலில் தற்காலிகத் தடையும், ஏப்ரல் 4 அன்று நிரந்தரத் தடையும் விதித்தார். பேசி முடித்த விகிதங்களை என்ஐஎச் தானாக மாற்றக் கூடாது என்று காங்கிரஸ் 2018 நிதியாண்டு முதல் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எழுதிவருவது அந்தத் தீர்ப்பில் முக்கியமாக நின்றது. அந்த வாசகம் வந்ததே 2017-இல் இதேபோல் 10 சதவீதமாகக் குறைக்கும் யோசனை எழுந்தபோதுதான்.

அதே 2025-இல் பல்கலைக்கழகச் சங்கங்கள் ஒன்றுகூடி ஃபேர் என்ற மாற்று முறையை முன்வைத்தன. இப்போது விகிதத்துக்குள் மறைந்திருக்கும் செலவுகளில் பலவற்றை எடுத்து, ஒவ்வொரு திட்டத்தின் பட்ஜெட்டிலும் வெளிப்படையாகக் காட்டலாம் என்பது அதன் சாரம். படகைப் போன்ற ஒன்று உள்ளே நுழைய இடமில்லை, காங்கிரஸ் உறுப்பினருக்கும் ஒரே பார்வையில் புரியும். யோசனையாக எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகத்தில் இந்த முன்மொழிவுக்கு எத்தனை சதுர அடி என்று மறுபடி யாராவது நிரப்பியாக வேண்டும், அதுவும் பேச்சுவார்த்தைக்கு ஒருமுறை என்றில்லாமல் முன்மொழிவுக்கு முன்மொழிவு. அந்த வேலைக்கு ஆள் எங்கே இருந்து வருவார், அவர் சம்பளம் எந்த வரியில் ஏறும் என்று எங்கள் அலுவலகத்தில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.